கேசட் அட்டையில் இருந்த முகம்

மகளின் விசாவுக்குப் படம் எடுக்க நகாசி ஸ்டூடியோவுக்குப் போனோம். சிரிக்கக்கூடாது, இரண்டு காதும் தெரியவேண்டும் என்றார் ஸ்டூடியோக்காரர். வெள்ளைச் சுவர் முன் அவள் விறைத்து உட்கார்ந்ததும் எனக்கு நான் வளர்ந்த சவேனி கிராமம் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நம் ஜனங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பத் தொடங்கிய வருஷம் எனக்குப் பதினைந்து வயது. பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர் மகன் தானே எழுதி, கிடாரோடு பாடி ஒரு கேசட் வெளியிட்டிருந்தான். ‘இந்த மண்ணை விட்டுப் போகமாட்டேன்’ என்று அவன் குரல் தழுதழுக்கும்போது எனக்கு அழுகை வரும்.

“கொரலா அது? மூஞ்சி லட்சணமா இருக்குதுன்னு கேக்கிறே,” என்றாள் அம்மா.

அட்டைப் படத்தில் கோட்டுப் போட்டு, சிரிக்காமல் இருந்தான். மண்ணை நினைத்துத் துக்கப்படுகிறான் என்று நம்பி, அந்தப் படத்துக்குத் தினமும் முத்தம் கொடுத்தேன்.

அப்பா கனடாவில் குடியேற மனு எழுதியபோது, வரமாட்டேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்தேன். அவர் மனுவைக் கிழித்துப்போட்டார். அடுத்த மாதமே அவன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான்.

இன்று வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டேன். அது தழுதழுப்பே இல்லை; சுருதி எட்டவில்லை, அவ்வளவுதான். அட்டையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன.

பாவி, விசாவுக்கு எடுத்த படத்தையே அட்டையில் போட்டிருக்கிறான்.