ராக்காயி கேட்ட பீலி

எங்கள் பிரதேச சபைக்கு யார் தவிசாளர் என்பதை முப்பது வருசமாக நான்தான் தீர்மானித்து வருகிறேன். சரி, சரி. அதில் பாதிக்காலம் இங்கே சபையே இருக்கவில்லை. மிச்சக்காலம் என்னிடம் ஒருவரும் கேட்கவுமில்லை. ஆனால் இந்த முறை தீர்மானித்தது ஒரு மனிசியின் வலது கை. அதைக் கண்ணால் கண்டவள் நான்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி ராக்காயி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தாயோடு ஓடிவந்தபோது அவாவுக்கு ஒன்பது வயது. மாங்குளத்துக்கு மேற்கே காடு வெட்டி, ஊரார் வயலெல்லாம் களை பிடுங்கி, இறுதிப் போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, திரும்பி வந்து அதே நிலத்தில் மறுபடி கொட்டில் போட்டவா. நாற்பத்தெட்டு வருசம் இங்கே வாழ்ந்தும் எங்கட ஆட்களின் வாயில் அவா இன்னும் 'தோட்டக்காட்டாள்'. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. சொல்லுகிற வாய்கள் கூசுவதில்லை.

அவா இருக்கிற இடத்துக்குப் பெயர் இருபத்தாறு வீட்டுத்திட்டம். கிணறு வெட்டினால் வாயில் வைக்க முடியாத சவர்த்தண்ணி. நல்ல தண்ணிக்கு ஒன்றரை மைல் நடந்து பள்ளிக்கூடத்துக் குழாய்க்கிணற்றுக்குப் போகவேண்டும்.

தேர்தல் வந்தது. குடைச் சின்னக்காரர் ஒரு பக்கம், பாக்குவெட்டிச் சின்னக்காரர் மறுபக்கம். பட்டியலில் பெண்களும் இருக்கவேண்டும் என்பது சட்டம். தங்கட மனிசிமாரை மேடையேற்ற இரண்டு பகுதிக்கும் மனமில்லை. அதனால் குடைக்காரரின் தலைவர் யோகலிங்கம் ராக்காயியின் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் எங்கட பக்கம் நிக்கவேணும். என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"எங்க சனத்துக்கு ஒரு பீலி போதுங்க ஐயா."

"பீலிதானே? நோட்டீசிலேயே அடிப்பம்!"

அடித்தார்கள். மலைநாட்டில் பீலி என்றால் தண்ணீர் குழாயால் வந்து விழுகிற இடம். குடத்தை வைத்து நிரப்பலாம். எங்கட ஆட்களுக்குப் பீலி என்றால் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓட அடிக்கிற தகரம். எந்தப் பீலி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராக்காயி வென்றா. பதினைந்து பேர் கொண்ட சபையில் குடை எட்டு, பாக்குவெட்டி ஏழு. தவிசாளர் தெரிவுக்கு முதல்நாள் பாக்குவெட்டித் தலைவர் நிருஷன் போய், "எங்களுக்குக் கை தூக்குங்கோ அக்கா, தையல் மெசின் தாறம்" என்று கெஞ்சினார். "பீலி தாறேன்னவங்களுக்குத்தாங்க கை" என்று திருப்பி அனுப்பிவிட்டா. அந்த ஒரு கையால்தான் யோகலிங்கம் கதிரையில் ஏறினார்.

ஆவணி வெயிலில் சபை லொறி வந்தது. சனம் குடங்களோடு ஓடிப்போய்ப் பார்த்தால், இறக்கினது தகரம்! பொதுமண்டபக் கூரைக்குப் பீலி அடித்து, நாடாவும் வெட்டிப் படமும் எடுத்தார்கள். மழை பெய்ய இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

அடுத்த கூட்டத்தில் ராக்காயி எழும்பினா. "இது இல்லீங்க ஐயா. நாங்க கேட்டது தண்ணி."

"பீலி கேட்டியள், பீலி தந்தம். நோட்டீசைப் பாருங்கோ அக்கா" என்றார் யோகலிங்கம்.

"அவாவுக்குத் தமிழ் படிப்பிக்க ஒரு டீச்சரைப் போடுங்கோ தவிசாளர்!" என்றார் நிருஷன்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. குடையும் பாக்குவெட்டியும் ஒற்றுமையாகச் செய்த முதல் வேலை அது. முப்பத்தாறு வருசம் தமிழ் படிப்பித்த நான் பார்வையாளர் வாங்கில் இருந்து பல்லைக் கடித்தேன். தமிழ் தெரியாதது யாருக்கு? வாக்குக் கேட்கப் போன வீட்டில் ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடித்தவர்களுக்கு, அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லையே!

புரட்டாதிக் கூட்டத்துக்குத் தவிசாளர் கொண்டுவந்த தீர்மானம், தனக்கொரு புது வாகனம். ராக்காயி அன்று ஒரு வாளியோடு வந்திருந்தா. ஆதரிக்கிறவர்களைக் கேட்டபோது ஏழு கை. எதிர்க்கிறவர்களைக் கேட்டபோது பாக்குவெட்டியின் ஏழு கையும் உயர, ராக்காயி எழும்பி, நேரே முன்னுக்குப் போய், வாளி நிறைந்த தண்ணியைத் தவிசாளரின் தலையில் கவிழ்த்தா. அவர் நனைந்த கோழி மாதிரி நின்றார். தீர்மானம் தோற்றது.

இவ்வளவையும் எழுதி உரக்க வாசித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ராக்காயி தலையில் கை வைத்தா.

"ஐயோ டீச்சர், ஊத்துறதுக்குத் தண்ணி ஏதுங்க? வெறும் வாளியத்தான் தூக்கிக் காட்டினேன். அதையும் ஒரு கையின்னு எண்ணிக்கிட்டாங்க."