தலைத்துண்டுக்குள் ஒரு ரோஜா

றக்வானையை விட்டு நடந்துகொண்டிருக்கிறேன். ரப்பர் விலை விழுந்ததால் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். நேற்று மதியத்திலிருந்து தண்ணீர்தான் ஆகாரம். வழியில் ஒரு துரை பங்களாவின் பூந்தோட்டம். கடைவீதிப் போட்டோக்கார நானா, கேமராவுக்கு முன்னால் பட்டுத்துணியைப் பிடித்தபடி தலையில் அடித்துக்கொள்கிறார்.

"என்ன நானா, ரோசாப்பூ அசையாமத்தானே நிக்குது?"

"அது நிக்குது தம்பி. தொரசாணிக்குப் பூ பனிக்குள்ள நிக்கிற மாதிரி வேணுமாம். பட்டுப் போட்டா இருட்டு. சும்மா எடுத்தா புழு கடிச்ச ஓட்டையெல்லாம் தெரியுது. படம் புடிக்கிற கண்ணாடி பிளேட் மூணு வீண், மிச்சம் ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா இந்த வாசல் எனக்கு இல்ல."

அவர் பார்வை என் தலைத்துண்டில் நிற்கிறது. துவைத்துத் துவைத்து நூல் தெரியத் தேய்ந்த துண்டு.

"அதத் தாங்க. வேர்வ நாத்தம் படத்துல வராது."

கேமரா வில்லைக்கு முன்னால் அதை இழுத்துக் கட்டி, கறுப்புத் துணிக்குள் என்னையும் பார்க்கச் சொல்கிறார். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் ரோஜா தலைகீழாகத் தொங்குகிறது. இதழ் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உரமூட்டைக்குச் சும்மாடாகவும் அட்டை கடித்த காலுக்குக் கட்டாகவும் சுற்றிய துண்டு இது. மூச்சுவிடாமல் நிற்கிறேன்.

"போதும் தம்பி, வெளிய வாங்க. வெயில் போயிரும்!"

மறுநாள் காலை நானாவின் கையாளாகக் கேமராவைச் சுமந்துகொண்டு அதே தோட்டத்துக்குள் போகிறேன். படத்தைப் பார்த்த துரைசாணி இன்னும் ஆறு பூக்கள் கேட்டிருக்கிறாள். வெறுந்தலையில் வெயில் சுடுகிறது. துண்டு, நானாவின் சட்டைப்பையில் பத்திரமாக மடிந்திருக்கிறது.