மீரான் குரலுக்கு இடம் வேண்டும்

முதலில் மன்னிப்பு. என் வரி ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். எழுதப் படித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தாளில் எழுதி, படம் பிடித்து இங்கே போடுகிறேன். புரியாத இடத்தில் கண்ணை இடுக்கிப் பாருங்கள். (நானும் அப்படித்தான் பார்க்கிறேன்!)

இன்று அம்பாசமுத்திரத்தில் செல்போன் கடைக்குப் போனேன்.

படம் பிடிக்கப் போனால் 'இடம் இல்லை' என்கிறது போன். காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அணைந்துவிடுகிறது.

'இடம் இல்லை' என்பதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்த பிறகுதான் சந்தோஷம் போனது.

காலை வணக்கப் படங்களை எல்லாம் ஏற்கெனவே அழித்துவிட்டேன். (அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.)

கடைக்காரர் போனைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாதி எடத்த போனே எடுத்துக்கிட்டுது. அதுல கை வைக்க முடியாது. மிச்சத்துல பூரா வாய்ஸ் மெசேஜா கெடக்கு, எல்லாம் ஒரே ஆளு. யாரு இந்த மீரான்? அழிச்சிரட்டா?"

"வெரல எடும்வே!"

கடையே திரும்பிப் பார்த்தது.

மீரான் என் கூட்டாளி. விக்கிரமசிங்கபுரம் மில்லில் இருவரும் ஒரே பகுதியில் நூல் நூற்றோம். மிஷின் இரைச்சலில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை அவனுக்கு. இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் மில் வேலை ஓய்ந்த பிறகு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு நாள் முழுக்கக் குரலிலேயே செய்தி அனுப்பிக்கொள்வோம். என்னை 'மச்சான்' என்று கூப்பிட்டுத்தான் தொடங்குவான். அவன் அனுப்புவது ஒவ்வொன்றும் ஒரு பிரசங்கம்.

பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

பேசிக்கொள்ள வேறு வழியில்லாமல்தான் நாங்கள் இருவரும் முதியோர் வகுப்பில் சேர்ந்தோம். அவன் பழைய போன் ஆற்றில் குளிக்கும்போது போய்விட்டது. ஆகையால் மீரானின் குரல் இந்த உலகத்தில் என் போனில் மட்டும்தான் இருக்கிறது.

"சரி, கார்டு போட்டுக் குடும்" என்றேன்.

"இதுல கார்டு போட எடமே கெடையாது அண்ணாச்சி. இப்ப வாரதுல பலதுல கெடையாது."

"பேட்டரியாவது மாத்தும்."

"ஒட்டி வச்சிருக்கான். பைய சூடு காட்டித்தான் தொறக்கணும். உள்ள இருக்கது போயிட்டுன்னா நான் பொறுப்பில்ல. வேணும்னா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கேட்டுப் பாத்துத் தாரேன்."

கேட்டுப் பார்த்தா! மீரான் பேசியதில் பாதி கெட்ட வார்த்தை, மீதி அவன் மச்சினனைப் பற்றி. அந்த மச்சினன் கடை இதே வீதியில்தான் இருக்கிறது. போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய போனில் நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்துவிடும். இப்போது முதுகில் மூன்று கேமரா வைத்திருக்கிறார்கள். மெலிசாக வேண்டும் என்று யார் கேட்டது? செங்கல் கனத்தில் கொடுத்தாலும் நான் சுமப்பேன். அலுத்துவிட்டது ஐயா.

நேரே மீரான் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்.

'அழிச்சிரு. ஆளே இருக்கேன். குரல் எதுக்கு?'

அவன் மனைவி பாத்திமாவுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னண்ணே எழுதிருக்காவ?"

படித்துச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அவுக சத்தம் ஒங்ககிட்ட இருக்கா? இம்புட்டு நாளும் சொல்லவேயில்லியே! ஒண்ணே ஒண்ணு போடுங்கண்ணே. கேக்கணும்."

மீரான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறான். போடாதே என்று! மச்சினன் என்றால் அவளுடைய கூடப்பிறந்தவன் அல்லவா.

நல்ல வார்த்தை மட்டும் உள்ள ஒன்றைத் தேடினேன். போனைக் காதோடு ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஒன்று சிக்கியது. அவள் பக்கம் நீட்டினேன்.

"ஏலே மச்சா..."

அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது. நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன்!

சார்ஜில் போட்டோம். ஒயர் குட்டை. சுவரோரம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பாத்திமா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீரான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனுக்கு உயிர் வந்தது. திரும்பவும் போட்டேன்.

"ஏலே மச்சான்! ஒந் தங்கச்சி கறி ஆக்கிருக்கா. ஒனக்கு எடுத்து வச்சிட்டுத்தான் எனக்கே போடுவேங்கா. நான் பசில கெடக்கேன், சீக்கிரம் வந்து தொலலே!"

வீடு அதிர்ந்தது. பாத்திமா முதலில் காதைப் பொத்தினாள்.

"யா அல்லா, இம்புட்டு சத்தமாவா பேசுனாவ இந்த மனுசன்!"

சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்றாள்.

மீரான் காலண்டர் தாளை என்னிடமிருந்து பிடுங்கினான். 'அழிச்சிரு' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினான்.

'அழிச்சா ஒன்னக் கொன்னுருவேன்.'

(எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பொறாமைதான்!)

போன் இன்னும் 'இடம் இல்லை' என்றுதான் சொல்கிறது. இந்தப் பக்கத்தைப் படம் பிடிக்க, போன வாரப் பக்கத்தின் படத்தை என் போனிலிருந்து அழித்தேன். அடுத்த வாரம் எழுதுவேன், அப்போது இந்தப் படம் போகும். என் எழுத்தை உங்களில் யாராவது வைத்திருங்கள்.

மீரான் என்னிடம் இருக்கட்டும்.