தட்டத் தெரியாத டைல்ஸ்காரர்

டைல்ஸ்காரருக்கு முட்டிதான் முதல். மற்றவர்கள் பாதத்தால் நடப்பார்கள். இவர் பாதி ஆயுளை முட்டியாலேயே நடந்து தீர்த்தவர். எத்தனையோ குளியலறைகளில் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து தரை போட்டவை அந்த இரண்டு முட்டிகளும். ஒன்று போனாலும் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட மனுஷன் சாயங்காலம் ஆனால் ஓடிப்போய் விளையாடுகிற விளையாட்டு என்ன தெரியுமா? அடுத்தவன் காலைப் பிடித்து முறுக்குகிற விளையாட்டு!

ஜியு-ஜிட்சு என்று பெயர். மெத்தையில் கட்டிப் புரண்டு, எதிராளியை அசைய விடாமல் பூட்டுப் போட வேண்டும். மாட்டிக்கொண்டவன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் போதும், பிடித்தவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். தட்டுவதில் வெட்கம் ஒன்றும் கிடையாது, மறுபடி கைகொடுத்துவிட்டு மறுபடி புரளலாம். அழகான ஏற்பாடு. ஆனால் நம்மாள் தட்டமாட்டார். நாள் முழுக்க ரப்பர் சுத்தியலால் டைல்ஸைத் தட்டுகிற மனுஷனுக்கு, மெத்தையில் மட்டும் கை எழும்பாது. முகம் நாவல்பழ நிறத்துக்குப் போகும், கண் பிதுங்கும், அப்போதும் தட்டமாட்டார். வீம்பு!

மற்றப் பூட்டுகளில் இந்த வீம்பு செல்லும். கையை மடக்கினால் வலிக்கும், கழுத்தை இறுக்கினால் மூச்சு முட்டும், உடம்பே எச்சரித்துவிடும். குதிகால் பூட்டு அப்படியல்ல. எதிராளி தன் இரண்டு காலாலும் உங்கள் தொடையைப் பின்னிக்கொண்டு, குதிகாலை முழங்கை மடிப்பில் வைத்துத் திருப்புவான். திரும்புவது பாதம், போவது முட்டி. வலி வந்து சேர்வதற்குள் உள்ளே நார் அறுந்திருக்கும்.

"வலிச்சா தட்டிக்கலாம்னு உக்காந்திருக்காதீங்க. வலிக்கும்போது வேலை முடிஞ்சிருக்கும்" என்று பயிற்சியாளர் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார்.

"எனக்குத்தான் வலிக்கவே இல்லையே சார்" என்பார் டைல்ஸ்காரர், பெருமையாக. என்னத்தைச் சொல்ல!

அதே பயிற்சிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தவன்தான் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பிளம்பர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இவர் பார்த்துப் பார்த்து ஒட்டிய டைல்ஸை அவன் குழாய் போட வந்து ஓட்டை போடுவான். "மாமா, ஒண்ணே ஒண்ணுதான் விரிஞ்சிருக்கு" என்று பல்லைக் காட்டுவான். சுவரில் தீராத சண்டையை மெத்தையில் தீர்த்துக்கொள்வார்கள். குதிகால் பூட்டில் மச்சான் கில்லாடி. பெரிய போட்டிக்குக் கூடத்தின் சார்பில் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அந்த இடத்துக்காக அவன் வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் நழுவிவிடும்.

இந்தத் தடவை தேர்வின் கடைசிச் சுற்றில் மாமனும் மச்சானும் மோதினார்கள். மனைவி கைபேசியில் படம் பிடித்தாள். புருஷனுக்குக் கத்துவதா, தம்பிக்குக் கத்துவதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கத்தினாள்.

பாதி ஆட்டத்தில் டைல்ஸ்காரரின் வலது கால் மாட்டிக்கொண்டது. குதிகால் மச்சானின் முழங்கை மடிப்புக்குள் போய் உட்கார்ந்தது. வலிக்கவில்லை. தட்டுவாரா? உருண்டு தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு உருளல் உருண்டார். கால் சட்டென்று விடுபட்டது! எழுந்து பாய்ந்து, மேலே ஏறிக் கழுத்தைப் பிடித்தார். மச்சான் தட்டினான். கூடமே ஆர்ப்பரித்தது.

அன்றைக்கு வீட்டில் அவர் அளந்த அளப்பு இருக்கிறதே! "அவனோட பூட்டுலேர்ந்து உருவிக்கிட்டு வந்த ஒரே ஆளு நாந்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் போன பிறகு மனைவி கைபேசியை வாங்கினாள். அவள் தையற்கூடத்தில் வேலை செய்கிறவள், முதலில் கையைத்தான் பார்ப்பாள்.

"என்னங்க, இங்க நிறுத்திப் பாருங்க. நீங்க உருவிக்கலை. தம்பி கையை விரிச்சிட்டான்."

திரும்பத் திரும்பப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கால் நழுவுவதற்கு முன்பே மச்சானின் விரல்கள் பிரிந்திருந்தன. டைல்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. நமக்கு விட்டுக்கொடுத்தானா? பிச்சை போட்டானா இந்தப் பொடியன்?

மறுநாள் காலை வேலைக்குப் போன வீட்டில் மச்சான் கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா. எதுக்குடா விட்ட?"

"எதை மாமா?"

"நடிக்காத. என் காலை எதுக்குடா விட்ட?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெல்ல வெளியே நகர்ந்து உட்கார்ந்தான். "நான் பாதத்தை வலப்பக்கம் திருப்பினேன். தப்பிக்கணும்னா நீங்களும் அதோட வலப்பக்கம் உருளணும். நீங்க இடப்பக்கம் உருண்டீங்க மாமா. நான் திருப்பினது பாதி, நீங்களே முறுக்கிக்கிட்டது மீதி."

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். வேலை என்றால் எப்போதும் வலக்கையில் சாந்துக் கரண்டி, இடப்பக்கம் அடுக்கிவைத்த டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பழகிய உடம்பு. அவசரத்தில் அது தனக்குத் தெரிந்த பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

"நீங்க தட்டுவீங்கன்னு பார்த்தேன். தட்டலை. உள்ள ஏதோ இழுபட்டது என் கைக்குத் தெரிஞ்சுது. மரை அறுந்துபோறதுக்கு முன்னாடி குழாய் ஒரு மாதிரி இருக்கும் பாருங்க, அப்படி. விட்டுட்டேன்."

"பெரிய போட்டிக்குப் போகணும்னு எவ்வளவு நாளா அலையுற நீ!"

"ஆமா. அதுக்காக எங்க அக்கா புருஷனை நொண்டியாக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி தொட்டிக்கு அடியில் நுழைந்துகொண்டான்.

டைல்ஸ்காரர் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் மடங்கின, உடம்பைத் தாங்கின. அதுவே அன்றைக்கு அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. சொந்தத்துக்குள் யார் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்? ஆனாலும் சொன்னார். "ரொம்ப நன்றிடா மச்சான்" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"என்ன மாமா, மேடையில மைக் பிடிச்சவர் மாதிரி! அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்றது தொட்டி.

சாயங்காலம் பயிற்சிக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி, அவனை அனுப்பச் சொன்னார். முடிவை மாற்ற முடியாது, பெயர் அனுப்பியாகிவிட்டது என்றார் பயிற்சியாளர். மச்சான்தான் சமாதானம் செய்தான்: "நீங்களே போங்க மாமா. ஓரத்துல உக்காந்து கத்த நான் வரேன்."

பெரிய போட்டியின் முதல் ஆட்டம். எதிரில் ஒரு நெட்டைக்காலன். ஆரம்பத்தில் டைல்ஸ்காரர் நன்றாகத்தான் ஆடினார். புள்ளியில் முன்னால்கூட இருந்தார். அப்புறம் அந்த நெடுங்கால்கள் வந்து அவர் தொடையைப் பின்னின. குதிகால் போய் மடிப்பில் மாட்டியது. வலிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஜெயித்துவிடலாம். ஓரத்திலிருந்து மச்சான் கத்துவது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கைகள் மச்சானின் கைகள் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தானாக விரிகிற கைகள் உலகத்தில் எல்லோருக்கும் இருக்காது.

தட்டினார். பளார் பளார் என்று, மெத்தை அதிர, வீம்பு மொத்தத்தையும் சேர்த்துத் தட்டினார்.

நடுவர் எதிராளியின் கையை உயர்த்தினார். டைல்ஸ்காரர் நொண்டாமல் நடந்து ஓரத்துக்கு வந்தார். அங்கே மச்சான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அழுதபடியே அவரை அலாக்காகத் தூக்கிவிட்டான். ஜெயித்தவன் ஒருபக்கம் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, தோற்றவரை ஒருத்தன் தோளில் வைத்துக் குதிப்பதைப் பார்த்து அரங்கமே விழித்தது.

"இறக்குடா, தோத்துட்டேன்டா!" என்றார் டைல்ஸ்காரர்.

"தெரியும் மாமா" என்றான். இறக்கவே இல்லை.