கடைசிப் பேருக்கான லைசென்ஸ்

பனிக்குள் ஒலிபெருக்கி முதலில் கரகரக்கும்... அப்புறம் ஒரு பெண் மூச்சிழுக்கும் சத்தம். அதன் பிறகுதான் முதல் பேர்.

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்திருந்த காலம். இரண்டாயிரங்களின் தொடக்கம். புரோகிராம் எழுதியது நான், ஹட்டனில் ஒரு மாடி அறையில். குரல் மட்டும் என்னுடையதில்லை.

எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் அந்தக் குரலை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் ஓப்பன் சோர்ஸாக விட்டிருந்தவர் ரூபன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், கொத்மலையில் அரசாங்க உத்தியோகம். இரண்டு லைசென்ஸ் வைத்திருந்தார். நம் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்து கொடுத்தால் குரல் இலவசம். மூடி வைத்து விற்பதானால் அவரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

தோட்டக் கம்பெனியோ புரோகிராமை வெளியே விடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றது. பஸ் ஏறிக் கொத்மலைக்குப் போனேன்.

"காசு வேண்டாம் தம்பி. கடைசியிலை ஒரு பேரைச் சேர்த்துவிடுங்கோ. தயாளினி."

"யாருங்க அது?"

"என்ர தங்கச்சி. நீங்கள் கேக்கிற குரல் அவளின்ரதான். சண்டைக்குள்ள இடம்பெயரேக்க காணாமப் போயிட்டாள். ஆராவது கேட்டு அடையாளம் சொல்லுவினம் எண்டுதான் சும்மா விட்டிருக்கிறன், என்ர விலாசமும் அதோட போகும். நீங்கள் மூடினால் அந்த விலாசம் போகாது. பேராவது வெளியிலை கேக்கட்டும்."

சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

தயாளினி பேசிப் பதிவு செய்திருந்ததில் அவள் பேர் எங்கேயும் இல்லை. துண்டு ஒலிகளைச் சேர்த்து நான்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தேன். பதில் வராத பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும்படி ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதனால் எல்லோரும் பேர் கொடுத்து முடிந்த பிறகு, வெறும் பனியைப் பார்த்து அவள் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்...

கொஞ்ச நாள் கழித்து ரூபன் அண்ணன் அதைக் கேட்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி. பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில்,

"தயாளினி..."

"இருக்கேங்க."

பனிக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல்.

ரூபன் அண்ணன் குடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "தயா... தயா..." என்று கூப்பிட்டுக்கொண்டே பனிக்குள் போனார்.

உள்ளேயிருந்து வந்தது கொழுந்து எடுக்கும் மாரியாயி அக்கா. அண்ணன் முகத்தைப் பார்த்ததும், அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. தெனமும் கூப்புடுது, யாருமே பேசல. பொம்பளப்புள்ள பேரு, சும்மா காத்துல போகக்கூடாதுன்னு நாந்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே சொல்லலைங்க."

அண்ணன் போய்க் கீழே கிடந்த குடையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இல்லையக்கா. சொல்லுங்கோ. நாளைக்கும் சொல்லுங்கோ."

இப்போது அந்தத் தோட்டத்தில் விரலை வைத்தால் மெஷின் 'பீப்' என்கிறது. யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரூபன் அண்ணன் விட்ட அந்தக் குரல் மட்டும் இன்னும் இணையத்தில் இருக்கிறது, அதே இரண்டு லைசென்ஸோடு. மூடி விற்க அனுமதி கேட்பவர்களிடம் இன்றைக்கும் காசு வாங்காமல் அந்த ஒரு பேரைத்தான் கேட்கிறாராம்.

எந்தெந்த ஊரில் அவள் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளோ... அங்கெல்லாம் ஒரு மாரியாயி அக்கா இருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.