பன்னீர் திராட்சையும் ஏட்டு மூக்கும்

மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேசைமேல் ஒயின் பாட்டில்களை வரிசையாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள். இது காபர்னே, கறுப்புத் திராட்சை, நாக்கில் துவர்க்கும். இது மெர்லோ, கொஞ்சம் சாது. இது ஷிராஸ், லேசாக மிளகு வாசனை அடிக்கும். இது ஷார்டனே, பச்சைத் திராட்சை. அங்கே பெரும்பாலும் எந்தத் திராட்சையோ அதுதான் ஒயினுக்கும் பெயராம். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையாட்டினேன். கடைசியாக மஸ்கட் என்று ஒன்றைத் திறந்தாள். வாசனை வந்ததும் என் கை நின்றுவிட்டது. எழுந்துபோய் வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள்.

அது எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையின் வாசனை. அவள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அறுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் அடுப்படியில் இருபத்தொரு நாள் அந்த வாசனை இருந்தது. அந்த இருபத்தொரு நாளும் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். போலீஸ் என்று நான் சொல்வது அவளுடைய அப்பாவை.

அவர் மதுவிலக்குப் பிரிவில் ஏட்டு. பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில் பிறந்தவர். மீன் கூடையை மோந்தே எந்த மீன், பிடித்து எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவார். அந்த மூக்குதான் சாராய ஊறல் பிடிக்க உதவியது. சவுக்குத் தோப்பில் மண்ணுக்கடியில் புதைத்த பானையை, தூரத்தில் காற்றுக்கு எதிரே நின்றுகொண்டு, "வெல்லம், வேலம்பட்டை, நாலு நாள் ஆயிருக்கு" என்பார். தோண்டினால் இருக்கும். பெரியபாளையம் பக்கத்திலிருந்துகூட ஜீப் அனுப்பி அழைத்துப் போவார்கள். ஸ்டேஷனில் அவருக்குப் பேரே மூக்கு ஏட்டு. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அவரோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இரண்டு பாட்டில் கிடைத்ததற்கு, அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அவர் மனைவி பொன்னேரிச் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இவ்வளவும் தெரிந்தும் நான் எப்படிச் சம்மதித்தேன் என்றால், கேட்டது நர்ஸம்மா. தெற்கத்திக்காரர், கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் பிரசவம் இரண்டு நாள் இழுத்தபோது, கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவாராம். அன்றைக்கு அரை டம்ளர் ஒயினும் ஒரு துண்டு கேக்கும் இல்லாவிட்டால் அவருக்குப் பண்டிகையே இல்லை. அந்த வருஷம் அவர் குவார்ட்டர்ஸை ஒட்டியே புது டாக்டரம்மா ஒருத்தர் குடிவந்திருந்தார், ரொம்பக் கறாரானவர். அதனால் ஒயின் ஜாடியை வைக்க இடமில்லை, எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"எங்க ஊட்லயா? அவர் மூக்கு தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

"போலீஸ் வீட்டுல யாரு புள்ள சோதனை போடப் போறா? அவரு பாதி நாளு காட்டுலயும் மேட்டுலயும்தான கெடக்காரு" என்றார்.

எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் யாராவது நல்லது செய்தவர்கள் கேட்டால் எனக்கு அந்த வார்த்தை வராது.

என் வீட்டுக்காரர் ஊறல் தேடி ஏரிப் பக்கம் போயிருந்த ஒரு நாள் காலையில் நர்ஸம்மா வந்தார். ஒரு பையில் திராட்சை, பட்டணத்திலிருந்து ரயிலில் வாங்கிவந்தது. இன்னொரு பையில் ரேஷனில் மிச்சம்பிடித்து வைத்திருந்த சர்க்கரை. ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. திராட்சையில் இரண்டு வகை இருந்தது. எல்லாம் திராட்சைதானே என்றேன். நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாத. இது பன்னீர் திராட்சை, மதுரைப் பக்கத்துலேருந்து வருது. வாசனை இதுலதான் இருக்கு, ஆனா நிறம் வெளுத்துப் போயிரும், சீக்கிரம் கெட்டும் போயிரும். இது பெங்களூர் திராட்சை. தோலப் பாரு, எவ்வளவு தடி. நல்ல நிறம் குடுக்கும், ஆனா இத மட்டும் போட்டா புளிப்புல மூஞ்சி கோணிக்கும். ஒரு ஈஸ்டருக்கு ஐதராபாத்துப் பச்சைத் திராட்சை வாங்கிப் போட்டேன். பாக்கப் பெருசா ராஜா மாதிரி இருந்துச்சு. ஒயினு கஞ்சித் தண்ணி மாதிரி ஆயிட்டு. வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அதனால் இரண்டு பங்கு பன்னீர், ஒரு பங்கு பெங்களூர். அவர் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தாராம். அவர்கள் ஊரில் ஒரு கறுப்புத் திராட்சை இந்த மலைக்கு, ஒரு பச்சைத் திராட்சை அந்த ஆற்றங்கரைக்கு என்று தலைமுறையாக வைத்திருப்பார்களாம். எனக்கு அது சட்டென்று புரிந்தது. நான் நெல் விளைகிற வீட்டுப் பெண். இட்லிக்கு ஒரு நெல், பழைய சோற்றுக்கு ஒரு நெல், மேட்டுக் கொல்லைக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்றுதான் எங்கள் வீட்டிலும் பேசுவார்கள். இரண்டு பேரும் கையாலேயே பிசைந்தோம். சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட், ஆறவைத்த வெந்நீர். ஜாடி வாயைத் துணியால் கட்டினார்.

"இறுக்கி மூடிறாத, வெடிச்சிரும். தெனமும் ஒரு தடவ மரக்கரண்டியால கிண்டு. இருபத்தோரு நாளு."

துணி கட்டிய வாய் வழியாக வாசனை வராமல் என்ன செய்யும்? ஜாடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். அப்புறம்தான் எனக்கு மகா புத்திசாலித்தனமான ஒரு யோசனை வந்தது. மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த நெத்திலிக் கருவாட்டுக் கூடையை அதற்கு நேர் மேலே ஆணியில் மாட்டினேன். பக்கத்தில் இட்லி மாவை வேண்டுமென்றே புளிக்க விட்டேன். இந்த இரண்டையும் தாண்டி எந்த மூக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஜாடி பேச ஆரம்பித்தது. காதை வைத்தால் உள்ளே புஸ் புஸ் என்று சத்தம். துணியைத் திறந்தால் வாசனை மூஞ்சியில் அடித்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தவர், முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புங்க."

வேறொன்றும் கேட்காமல் சாப்பிட்டார். நான் திரும்பிக்கொண்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தேன். கார்த்திகைக் குளிரில் வேர்த்திருந்தது.

அன்றிலிருந்து அவர் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேர் மூன்று பேர் வந்து எங்கள் வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுப் போவார்கள். இப்போது அவர்களை வாசலிலேயே நிறுத்தி, பாப்பா தூங்குது என்று சொல்லி டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். பாப்பா என் இடுப்பில் முழித்துக்கொண்டிருக்கும். என்னோடும் பேச்சு குறைந்தது. என்மேல் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒயின் சந்தேகமா, வேறு சந்தேகமா என்றுகூடத் தெரியாமல் தவித்தேன். கொட்டிவிடலாம் என்றால் எங்கே கொட்டுவது? எங்கள் வீட்டுச் சாக்கடை தெருவழியாக ஸ்டேஷன் வாசல் வரை போகும். அதில் ஊதா நிறத் தண்ணீர் ஓடினால் ஊரே கூடிவிடும். நர்ஸம்மாவிடம் ஓடினால், "இன்னும் பத்து நாளுதான் புள்ள" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவர் சேறும் சகதியுமாக வந்தார். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, தானாகச் சொன்னார்.

"இன்னிக்கி எங்க குப்பத்துலயே ஒரு பொம்பளைய புடிச்சோம். எனக்கு அக்கா மொற. வலைக்கி அடியில ஒரே ஒரு பானை வச்சிருந்துது. படகுல வரும்போதே எனக்கு வாசனை வந்துட்சி, வாய் சும்மா கெடக்கல, சொல்லிட்டேன். ஒரு பானைதான்டா தம்பின்னுச்சு. கைக்கொழந்தையோட ஜீப்புல ஏத்திக்கினு போனாங்க."

நான் மோர் ஊற்றினேன். பாதி தட்டுக்கு வெளியே போனது. எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு ஜாடிதான். எனக்கும் கைக்குழந்தைதான். அவர் மோர் சிந்தியதைப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டார்.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டரே இறங்கி வந்தார். என் வீட்டுக்காரரை வேறெங்கோ ஊறல் பிடிக்கக் கூட்டிப்போக வந்திருக்கிறார். இவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தட்டிதான். நான் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது அவர் கேட்டது காதில் விழுந்தது.

"இன்னாய்யா, ஊட்டுல ஏதோ வாசனை வருது?"

பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொன்னேரிச் சந்தையில் என்னை எந்த இடத்தில் உட்கார வைப்பார்கள் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

இவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாக, இழுத்து, ஒரு தடவை. தோப்பில் நிற்கும்போது செய்வாராமே, அதே மாதிரி.

"கருவாடுங்கய்யா. எங்க ஊட்லேருந்து குடுத்தனுப்புனாங்க. கூடவே மாவு புளிச்சிருக்குது."

"பழம் மாதிரி இல்ல அடிக்குது?"

"இல்லீங்கய்யா. கருவாடுதான்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒன் மூக்குக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போவுது" என்று சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அவர் ஜீப்பில் ஏறப் போனதும், இவர் தொப்பியை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் வந்தார். அரிசி டிரம் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பன்னீர் திராட்சை. கூட, தோல் தடியா இன்னொரு கறுப்புத் திராட்சை. கிராம்பு. அஞ்சாம் நாளே தெரியும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்கு ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லுவ. நீ சொல்லிட்டா நான் புடிக்கணும்."

போய்விட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நான் பயந்த அத்தனை நாளும் இந்த மனிதரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார், அதுவும் ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல். ஸ்டேஷன் ஆட்களை வாசலிலேயே நிறுத்தியது என்மேல் சந்தேகப்பட்டு இல்லை.

இருபத்தோராம் நாள் நர்ஸம்மா வந்து துணியில் வடிகட்டினார். நிறம் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தவர், கண்ணை மூடினார், திறந்தார், அண்ணாந்து ஆணியில் தொங்கிய கூடையைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா வந்துருக்கு புள்ள. நெத்திலிதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அந்தப் பேஜாரிலும் இரண்டு பேரும் சிரித்தோம். பாட்டில்களைத் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் மட்டும் வந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இன்ஸ்பெக்டரோடு ஜீப்பில் போன அன்றைக்கே, தோப்பில் இறக்கிவிட்டதும், இவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சளி புடிச்சிக்கினு கீதுங்கய்யா, ஒண்ணும் தெரியல" என்றாராம். அடுத்த வாரமும் சளி. அதற்கடுத்த மாதமும் சளி. டாக்டரிடம் அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சளி போகவில்லை. மூக்கு ஏட்டு என்று கூப்பிடுவது நின்றது. பிறகு ஆந்திர எல்லைச் செக்போஸ்டில் லாரிகளை நிறுத்திச் சீட்டுப் பார்க்கப் போட்டார்கள். கிடைக்க வேண்டிய பிரமோஷன் வேறொருவருக்குப் போனது.

வீட்டிலும் அவர் அப்படியேதான் இருந்தார். குழம்பு கொதித்தாலும், பால் அடிப்பிடித்தாலும், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாலும், வாசனை என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னிடமாவது நிஜத்தைச் சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபம் வரும். கேட்க மட்டும் பயம். நிஜமாகவே மூக்கு போய்விட்டது என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் பாவம் என்னுடையது. சளி பொய் என்று சொன்னால், மறுபடி யாரையாவது பிடிக்க வேண்டிவருமோ என்று அவர் பயப்படுவார்.

எழுபத்தொன்றில் அரசாங்கமே மதுவிலக்கைத் தள்ளிவைத்துச் சாராயக் கடைகளைத் திறக்கவிட்டது. பெர்மிட் வேண்டாம், ஊறல் வேட்டை வேண்டாம். கடை திறந்த மறுநாள் காலை நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தே, ரசத்துக்குப் பெருங்காயம் போடல நீ."

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். போடவில்லைதான்.