சாட்சியில்லாத தக்காளி

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கணவர் சிங்கப்பூரில். கீரனூர் வாடகை வீட்டில் நானும் அவளும் மட்டும். ஒரு நாள் காலை, கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டி, "தக்காளி" என்றாள். தெளிவாக, நான் சொல்வதைப் போலவே. அதுவரை அவளுக்கு அது "தத்தாளி", இல்லையென்றால் "கக்காளி". அரிவாள்மனையை விட்டு எழுந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

மாலையில் கணவர் போனில் வந்ததும் சொன்னேன்.

"வீடியோ எடுத்தியா?" என்றார்.

எடுக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். மகள் போனைப் பார்த்துச் சிரித்தபடி "தாக்கி" என்றாள். நார்த்தாமலையில் இருக்கும் அவருடைய அக்காவுக்கும் சேதி போனது. நான் அண்ணி என்று கூப்பிடுவது அவரைத்தான்.

"காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாக்குல வசம்பு தேய்க்கணும், புள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வா" என்றார் அண்ணி.

அங்கன்வாடி டீச்சர் வசம்பெல்லாம் வேண்டாம் என்றார். "புள்ளைக அப்படித்தாங்க. ஒரே வார்த்தைய காலையில ஒரு மாதிரி, சாயந்திரம் ஒரு மாதிரி சொல்லும். ஒரு நா சரியாச் சொல்லிட்டு மறுநா விட்டுரும். பயப்படாதீங்க."

எனக்குப் பிள்ளையை நினைத்துப் பயமே இல்லை. நான் கேட்டதை நம்ப ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பின் ஒரு மாதம், ஒரு கையில் போன், மறு கையில் தக்காளி என்று அவள் பின்னால் அலைந்தேன். தினமும் ரசம்தான். தத்தாளி, கக்காளி, தாத்தி. ஒரு நாள் அதட்டிவிட்டேன், அழுதுவிட்டாள். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்தது. தனியாகக் கிடப்பவள் காதில் என்னென்னவோ விழுமாமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலைக்குப் போனோம். காலையில் அண்ணி அவள் நாக்கில் வசம்பு தேய்த்தார். மதியம் தட்டில் கிடந்த துண்டைக் காட்டி, "தக்காளி" என்றாள் மகள். அண்ணி போனைத் தூக்கினார். அவள் மறுபடியும் சொன்னாள், ஓர் எழுத்துப் பிசகாமல்.

வீடியோ போன வேகத்தில் கணவர் கூப்பிட்டார். முதலில் அக்காவை. பிறகு என்னை.

"பாத்தியா, அக்கா கைராசிய? மொதத் தடவையிலேயே எவ்வளவு தெளிவாச் சொல்றா!"

மொதத் தடவை இல்லங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, மொதத் தடவதான்" என்றேன்.

அவள் முதலில் சொன்ன அன்று எங்கள் சமையலறையில் இருந்தது இரண்டே பேர். அவளுக்கு அது நினைவிருக்கப் போவதில்லை. நானும் அப்படி நடக்கவே இல்லையென்று சொல்லிவிட்டேன்.